இடது ஓரத்துக்காரன்

அண்ணன் இருந்தவரை கால்பந்து வீடியோ கேமில் கோல் போடுவது நான், தடுப்பது அவன். அவன் தவறிய பிறகு தடுப்பதையும் நானே பழக வேண்டியிருந்தது. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பந்தைக் கண்டால் பறிக்கப் பாய்ந்துவிடுவேன். பின்னால் கோல் வரைக்கும் வழி திறந்து கிடக்கும்.

ஒவ்வொரு முறையும் இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன் ஓடி வந்து அந்த வழியை அடைப்பான். அது கம்ப்யூட்டர் செய்வதுதான். ஆனால் அடைத்ததும் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றுவான். என் தப்பைச் சரிசெய்ததும் அண்ணன் அப்படித்தான் சுற்றவிட்டுக் கேலி செய்வான். அவனுடைய கன்ட்ரோலரில் இப்போது பேட்டரிகூட இல்லை.

மெல்ல மெல்லப் பாயாமல் இருக்கக் கற்றேன். எதிராளிக்கு வழிவிடாமல் மறித்தபடியே பின்வாங்கினேன். இடது ஓரத்துக்காரனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவன் தன் ஓரத்திலேயே நின்றான்.

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி திரையைப் பார்த்தார்.

"நல்லா தேறிட்டே. இப்பல்லாம் தப்பே பண்றதில்ல."

"ஆமா அண்ணி."

மடித்த சட்டையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை தப்பா ஆடேம்மா."

பாய்ந்தேன். அவன் ஓடி வந்தான். அடைத்தான். இரண்டு சுற்றுச் சுற்றினான்.

அண்ணி சிரித்துக்கொண்டே சோபாவில் சற்று நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அண்ணனுக்கு இடம் விட்டார்.