மாத்துச் சம்பந்தம்

கலியாணத் தரகுக் கந்தோர்க் கதிரையில் தவமலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வவுனியாவில் எத்தனையோ கலியாணத் தரகர்கள் இருக்க, இந்தக் கொம்பியூட்டர்க்காரனிடம்தான் போகவேண்டும் என்று மகள் யதுர்ஷிகா ஒற்றைக்காலில் நின்றிருந்தாள்.

"தம்பி, எனக்கு மாத்துச் சம்பந்தம்தான் வேணும். என்ரை மகனுக்கு வாற பொம்பிளையின்ரை அண்ணனுக்கு என்ரை மகளைக் குடுக்கோணும். அண்ணன் கனடாவிலை இருக்கோணும். கலியாணம் முடிக்காதவனாயும் இருக்கோணும். கெதியாப் பாரும்!"

"அண்ணன் கனடா. அண்ணன் கலியாணம் முடிக்கேல்லை. ரெண்டையும் போட்டுத் தேடுறன், அம்மா" என்றான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த செந்தூரன்.

ஒரேயொரு வீடுதான் வந்தது. நெடுங்கேணியில்.

அந்த ஞாயிறே குடும்பமாகப் போய் இறங்கினார்கள். மகனுக்குப் பொம்பிளையைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தவமலருக்கோ கனடா நினைப்புத்தான்.

"உங்கடை கனடா மகன் எப்ப வாறார்?"

"சித்திரைக்கு வருவான், பெண்சாதி பிள்ளையளோடை" என்றார் பொம்பிளையின் தாய்.

தவமலர் துள்ளி எழும்பினாள். "அப்ப அந்தக் கொம்பியூட்டர் சொன்னது பொய்யோ?"

"பொய்யில்லை, அம்மா."

குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தவன் செந்தூரன்!

"இந்த வீட்டிலை கனடாவிலை ஒரு அண்ணன் இருக்கிறார். கலியாணம் முடிக்காத அண்ணனும் ஒருத்தன் இருக்கிறான். ரெண்டும் ஒரே ஆளாய் இருக்கோணும் எண்டு நான் கொம்பியூட்டருக்குச் சொல்லேல்லை."

"ஆர் அந்த மற்றவன்?"

"நான்தான்."

செந்தூரன் யதுர்ஷிகாவிடம் ஒரு கோப்பையை நீட்டினான். "இது சீனி போடாதது."

மகள் சீனி போடாமல்தான் குடிப்பாள் என்று தவமலர் அந்த வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.