கிரிவலக் காய்ச்சல்

தோளில் சால்வை விழுந்ததும் அருணகிரி தூக்குக் கயிறு விழுந்த மாதிரி கழுத்தைச் சுருக்கிக்கொண்டார். மண்டபம் கைதட்டியது. தட்டிய தட்டில் கூரையில் குடியிருந்த புறாக்கள் அத்தனையும் மிரண்டு, அண்ணாமலை உச்சியில் போய்த்தான் மூச்சு விட்டன.

தட்டமாட்டார்களா பின்னே? சுற்றுவட்டார ஊரெல்லாம் டெங்குவில் சுருண்டு கிடக்க, திருவண்ணாமலையில் மட்டும் ஒருவருக்குக்கூட டெங்கு கிடையாது. அந்த ஊரின் சுகாதார அதிகாரி அருணகிரி.

சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அண்ணாமலையார் ஊரில் கொசுகூட கடிப்பதை விட்டுவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது என்று மைக்கில் சொல்லி, தானே முதலில் சிரித்தார். கார்த்திகை தீபத்துக்கு ஜனங்கள் பயமில்லாமல் வரலாம் என்று பத்திரிகைக்காரர்கள் கொட்டை எழுத்தில் போடட்டும் என்றார்.

அருணகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஊர்க் கொசுவை அவருக்குத் தெரியாதா? சிட்டுக்குருவி பருமனுக்கு இருக்கும். ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், ஆற அமரக் கடித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும்.

ஊரில் இல்லாதது டெங்குவைக் கண்டுபிடிக்கும் கிட்தான். ஆடியில் தீர்ந்தது. ஐப்பசி மழை கொட்டுகிறது, இன்னும் வந்தபாடில்லை. தனியார் லேபில் சோதித்தால் அது கணக்கில் சேராது. அரசாங்கக் கிட் டெங்கு என்று சொன்னால்தான் கொசு மருந்து வரும், கூடுதல் ஆள் வரும், ஆஸ்பத்திரியில் தனி வார்டு வரும்.

அதுவரை இந்தக் காய்ச்சலுக்கு என்னதான் பெயர் என்று டீக்கடையில் யாரோ கேட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு மலையைச் சுற்றினால் காய்ச்சல் வராமல் வேறென்ன வரும் என்று அருணகிரி விளையாட்டாகச் சொல்லி வைத்தார். டீ ஆறுவதற்குள் ஊரே அதற்குக் 'கிரிவலக் காய்ச்சல்' என்று பெயர் சூட்டிவிட்டது.

சாமி கொடுத்த காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் நடந்த புண்ணியம் போய்விடும் என்று ஒரு கட்சி கிளம்பியது. இன்னொரு சுற்று சுற்றினால் தானே இறங்கிவிடும் என்று எதிர்க்கட்சி. அப்பளம் வைத்தால் பொரிந்துவிடுகிற உடம்போடு ஆட்கள் மறுபடி மலையைச் சுற்றினார்கள்.

அப்புறம் பாஞ்சாலை படுத்தாள். அருணகிரியிடம் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர். அவளுக்கும் கிரிவலக் காய்ச்சல்தான் என்றார்கள். அவள் ஆயுளில் ஒரு தடவைகூட கிரிவலம் போனதில்லை. போனவர்கள் எறிந்த அன்னதானத் தட்டுகளைப் பெருக்கத்தான் அந்தப் பாதைக்குப் போனாள். ஈறில் ரத்தம் கசிந்தது, செத்துப்போனாள். இப்போது அவள் கிடந்த அதே ஆஸ்பத்திரி வார்டில் அவள் மகள் ஓவியா கிடக்கிறாள்.

காலையில் கிளம்பும்போது லேப் டெக்னீஷியன் வினோதினி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சால்வைய வாங்கிக்கினு வாயப் பொத்திக்கினு வந்துடாதீங்க சார். ஓவியா எந்திரிச்சு வந்தா என்னால அவ மூஞ்சில முழிக்க முடியாது."

சொல்லிவிடுவதென்றுதான் வந்திருந்தார். ஆனால் மேடையில் நடந்த கூத்தைப் பார்த்ததும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். பக்கத்து ஊர் அதிகாரி சரவணகுமார் ஏகப்பட்ட டெங்குவைக் கண்டுபிடித்த குற்றத்துக்காக, சென்னைப் பெரியவர் அவரை எல்லார் முன்னாலும் உரித்து உப்புத் தடவினார். எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒவ்வோர் ஊரையும் குடைந்தவர், அருணகிரியிடம் மட்டும் அந்தக் கேள்விக்கே போகவில்லை. நேராகச் சால்வைக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் வடையை நோக்கிப் பாய்ந்தார்கள். பெரியவர் டீயோடு ஜன்னலோரம் தனியாக நின்றார். அருணகிரி குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். போனால் வேலை, வந்தால் கிட்.

"சார், ஒரு உண்மைய சொல்லிடறேன். எங்க ஊர்ல டெங்கு இருக்குது. ஜாஸ்தியாவே இருக்குது. டெஸ்ட் பண்ண கிட் இல்ல, அதனாலதான் ஜீரோ."

பெரியவர் டீயை ஊதினார்.

"என்கிட்ட வேலை பாத்த பொம்பள செத்துட்டாங்க சார். அவங்க பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்குது. இந்த மரியாதையெல்லாம் எனக்கு வேணாம், திருப்பி வாங்கிக்குங்க. சஸ்பெண்ட் பண்ணாலும் சரி."

சொல்லி முடித்ததும் அருணகிரிக்கு உடம்பே லேசாகிவிட்டது. மலையளவு பாரத்தை ஜன்னலோரம் இறக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெரியவர் கோபப்படவில்லை. டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, அவர் முதுகில் அன்பாகக் கை போட்டார். நல்ல மனுஷன், இவரிடம் போய் இத்தனை நாள் பயந்தோமே என்று அருணகிரிக்குக் கண் கலங்கியது. தைரியமும் வந்தது.

"கிட் நடுவுல எங்கியோ குடோன்ல மாட்டிக்கிச்சு போல சார். நீங்க ஒரு போன் போட்டீங்கன்னா போதும், நாளைக்கே வந்துடும்."

பெரியவர் அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கயும் மாட்டிக்கல அருணகிரி. நிறுத்தி வெச்சதே நான்தான்."