சூப்பில் மிதந்தது

“அக்கா, சூப்புல வெண்ணெய் போட்டியா?”

தம்பி கரண்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஆறத் தொடங்கிய சூப்பின் மேல் சின்னச் சின்ன மஞ்சள் வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதந்தன.

“கேரட் நிறம்டா அது.” அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கேக்கின் மேல் கிரீம் பூசிக்கொண்டிருந்தாள்.

“கேரட் நிறம் இப்படி வட்டம் வட்டமா மிதக்காதுக்கா. கொழுப்புதான் மிதக்கும்.”

“ஏசி ரிப்பேர் பண்றவன் எப்போடா சமையல்காரன் ஆனே? லீவுக்கு வந்தவன் நாலு வாய் ருசியா சாப்பிட்டா என்ன குறைஞ்சுபோகும்?”

“ஒண்ணும் குறையாது. அதான் பிரச்சினையே.”

வருடக் கடைசி விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் தட்டில் பாதி காய்கறி, கொஞ்சம் சோறு, தோலுரித்த கோழித் துண்டு ஒன்று. காலையும் மாலையும் வேர்க்க வேர்க்க நடை. அப்படியிருந்தும் இன்று எடை இயந்திரத்தின் முள் ஏறியிருந்தது.

“திரும்பவும் சொல்றேன், பொறுமையா கேளு. சாப்பிட்டதுல செலவானது போக மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பா மாத்தும். அளவுக்கு மீறினா அது அங்கேயே தங்கிடும். ஏசி ஃபில்டர்ல தூசி அடைச்சா மெஷின் ஓடும், குளிர் வராதே, அப்படித்தான். ஆனா ஃபில்டர் மாதிரி இதைக் கழட்டிக் கழுவ முடியாது. பட்டினி கிடந்தாலும் ஆபத்து. உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சு அங்கேயே வந்து இறங்கும். அளவா சாப்பிட்டு, நடந்து, மெதுவாத்தான் குறைக்கணும்.”

“அடேயப்பா! டாக்டருக்கே பாடம் எடுப்பே போல.”

“விளையாடாதேக்கா. லீவு முடிஞ்சதும் ஸ்கேன். கொழுப்பு குறையலன்னா ஆபரேஷன் கிடையாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க.”

“கிடையாதுன்னா விட்டுத் தள்ளு. கத்தி படாம இருந்தா நிம்மதி.”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா, அக்காவின் கணவர், பேச்சைக் கேட்டு உள்ளே வந்தார். கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவர் முகம் மாறியது.

“எத்தனை நாளா நடக்குது இது?”

அக்கா கேக்கின் ஓரத்தில் வழிந்த கிரீமை வழித்தெடுத்தாள்.

“உன்னைத்தான் கேக்கறேன். நேத்து கோழியில? காலையில ஓட்ஸ்ல?”

“எல்லாத்துலயும்தான்.”

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். “ஒரு உயிர் இதுல தொங்கிட்டிருக்குன்னு தெரிஞ்சே பண்ணினியா?”

“தெரிஞ்சேதான்.”

“ஏன்க்கா?” என்றான் தம்பி.

அக்கா கேக்கைத் தள்ளி வைத்தாள். “உன் பொண்டாட்டி தினமும் போன்ல அழறா. உன் சின்னது இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல. ஆபரேஷன் மேஜையில உனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, அதுங்க மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?”

“ஒண்ணும் ஆகாது.”

தம்பி சூப்பைத் தொட்டியில் கொட்டினான். கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினான். கூடையிலிருந்து இரண்டு கேரட்டை எடுத்துத் தானே சீவ ஆரம்பித்தான்.

“ஸ்கேனை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லலாமா மாமா?”

“தள்ளிப்போட நமக்கு நாள் ஏதுடா?” மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சரி, இருக்கிற நாள் போதும். இனி எனக்கு நானே சமைச்சுக்கறேன்.”

அக்கா எழுந்து வந்து, அவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினாள்.

“கெட்டுப்போனது என் கல்லீரல்டா! அதுக்காக, நல்லா இருக்கிற உன் வயித்தைக் கிழிச்சு உன்னோடதுல பாதியை எனக்கு வெட்டிக் குடுக்கணுமா?”