மடங்காத கை

தோழி இறந்தபோது விட்ட ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வந்திருந்தாள். ரத்தம் எடுக்கும் தேர்வில் இன்று தேறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். மேசையில் பயிற்சிக்கான ரப்பர் கை கிடந்தது. அது மடங்காது.

படித்த காலத்தில் தோழிதான் கை நீட்டுவாள். "தைரியமா குத்துடி, ஊர்ப்பட்ட ரத்தம் கிடக்கு." எடுத்து முடித்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்காமல் முழங்கையை மடக்கிக்கொள்வாள். சொன்னால் கேட்கமாட்டாள். ரத்தம் கட்டி, நீலம் பாரித்த கையோடு ஒரு வாரம் திரிவாள்.

இவள் ரப்பர் கையில் நரம்பைத் தடவிப் பார்த்தாள். ஊசி முதல் குத்திலேயே நரம்பில் இறங்கியது. பஞ்சை வைத்துவிட்டு, குழாயில் லேபிள் ஒட்டினாள்.

"பாஸ்மா," என்றார் தேர்வாளர், தாளிலிருந்து தலை நிமிராமல்.

திரும்பினாள். ரப்பர் கை பஞ்சை இடுக்கிக்கொண்டு மடங்கியிருந்தது.

"மடக்காதடின்னு எத்தனை தடவை சொல்றது," என்று முணுமுணுத்து, மெல்லப் பிரித்து நீட்டினாள். முழங்கை மடிப்பில் அதற்குள் நீலம் பாரித்திருந்தது.