சுந்தரி கை வளையல்

"புருஷன் செத்து மண்ணுக்குள்ள போயாச்சு. உனக்குக் கையில வளையல் கேக்குதா?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் உபதேசியார் மனைவி சம்பூர்ணம்.

சுந்தரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கண்ணாடி வளையல், மறைக்க விடாமல் சத்தம் போட்டது.

"ஊரே சிரிக்குது. உடைக்கவா சொல்றோம்? கழட்டி வெச்சிடுன்னுதானே சொல்றோம்."

"அத்தைக்காகத்தாம்மா. கண்ணு தெரியாதவங்க. தெனம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கையைத் தடவிப் பாப்பாங்க. வளையல் இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"மகன் இல்லேன்னு தெரிஞ்சிடும்மா. தாங்க மாட்டாங்க."

சுந்தரியின் புருஷன் தேவசகாயம், ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பு வேலையை விட்டுவிட்டுக் கோலார் தங்கவயலுக்குப் போனவன். சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். தாய் பூவம்மாளிடம் சொல்ல வேண்டாம் என்று சுந்தரி வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருந்தாள்.

"அதுக்காக? செத்தவன் உசுரோட இருக்கான், சம்பாதிக்கிறான்னு பொய் சொல்லிக்கிட்டே இருப்பியா?"

சுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பாதிரியார் ஐயா வர்றாரு. திருவிருந்து. பொய் சொல்ற வாயில அப்பமும் ரசமும் வாங்குவியா நீ? உனக்குக் குடுக்காம நிறுத்தி வெக்கச் சொல்லப்போறேன்."

சுந்தரியின் முகம் வெளுத்துவிட்டது.

"அது மட்டும் வேணாம்மா! பகல்பூரா ஷாப்புல ஆவாரம்பட்டை இடிக்கிறேன். வீட்டுக்குப் போனா சிரிச்சிப் பேசறேன். வாய்விட்டு அழக்கூட எனக்கு எடம் இல்ல. திருவிருந்துல முழங்கால் போடற நேரந்தான் எம் புருஷன் பக்கத்துல இருக்கறாப்பல இருக்கு."

"அப்போ அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிட்டு வா. உனக்கு வாய் வரலேன்னா நானே வந்து சொல்றேன்."

சொன்னபடியே மறுநாள் சாயங்காலம் வந்துவிட்டாள் சம்பூர்ணம். சுந்தரி தண்ணீருக்குப் போயிருந்தாள். பூவம்மாள் மட்டும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரது?"

"நான்தான் ஆயா, உபதேசியார் வீட்டம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மனசைத் தேத்திக்கிட்டுக் கேளுங்க. உங்க மகன்..."

"சொல்லாதீங்கம்மா."

"இல்ல ஆயா, சொல்லித்தான் ஆவணும்."

"எனக்குத் தெரியும்."

சம்பூர்ணம் திகைத்து நின்றாள்.

"ஒரு நாள் கோயில்ல சாவு மணி அடிச்சாங்க. யாரு போய்ட்டாங்கன்னு எதிர்வீட்டு பில்கிஸைக் கேட்டேன். தெரியலியேன்னா. பக்கத்து வீட்ல கேட்டேன். பேச்சை மாத்தினாங்க. எவன் வீட்டு எழவா இருந்தாலும் ஓடி வந்து எங்கிட்ட சொல்ற தெரு இது. அன்னிக்கு மட்டும் வாயை மூடிக்கிச்சு. என் வீட்டு எழவைத் தவிர வேற எதை எங்கிட்டேர்ந்து மறைப்பாங்க?"

பூவம்மாள் கையிலிருந்த கடலையை உரிக்காமல் முறத்திலேயே போட்டாள்.

"அப்போ இத்தினி நாளா ஏன் தெரியாத மாதிரி இருக்கீங்க? அந்தப் பொண்ணு உங்களுக்காகத்தானே ஊர்ப்பேச்சு கேட்டுக்கிட்டு அந்த வளையலை..."

"எனக்காகத்தான் போட்டுக்கறா. எனக்கே தெரியும்னு ஆயிட்டா, அப்புறம் யாருக்காகப் போடுவா? கழட்டுன்னு சொல்ல மொத ஆளா நீங்கதான் வந்து நிப்பீங்க."

பூவம்மாள் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"சின்னப் பொண்ணும்மா. இன்னா அனுபவிச்சா? நான் இருக்கறவரைக்கும் போட்டுக்கட்டும். அவ ஷாப்புக்குப் போனதுக்கப்புறம் நான் அழுதுக்கறேன்."

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. பூவம்மாள் அவசர அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குடத்தோடு உள்ளே வந்த சுந்தரி, சம்பூர்ணத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் தளும்பிப் புடவையை நனைத்தது. சொல்லிவிட்டாளா? அவளுடைய கண்கள் சம்பூர்ணத்தின் முகத்தையும் அத்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன.

பூவம்மாள் சிரித்த முகமாகக் கையை நீட்டினாள்.

"இன்னா சுந்தரி, தங்கவயல்லேர்ந்து சேதி எதனா வந்துச்சா?"

சுந்தரி குடத்தை இறக்கிவிட்டு, வளையல் கையை அந்தக் கையில் வைத்தாள்.

"வந்துச்சு ஆயா" என்றாள் சம்பூர்ணம். "அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க மகன் நல்லா இருக்கானாம். ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு சுந்தரியைத் தவறாமப் போகச் சொன்னானாம்."