வீட்டுக்காரர் பாவம்

"உங்க பாவத்தை மட்டும் சொல்லுங்கம்மா. வீட்டுக்காரர் பாவத்தைச் சொல்ல உங்களை யார் கேட்டா?"

கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த எட்வர்ட் சாமியார் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் அதில் இருந்த கடுப்பு அவருக்கே கேட்டது.

கிறிஸ்துமசுக்குத் தயாராகும் திருவருகைக் காலம் தொடங்கிய ஞாயிறன்று பிரசங்கத்தில் அவர் பெருமையாக அறிவித்திருந்தார். "குடில் கட்டுறதும் ஸ்டார் தொங்கவிடுறதும் மட்டும் தயாரிப்பு இல்லை. ஆளுக்கொரு கெட்ட பழக்கத்தை விடணும். நான் எரிச்சல்படுறதை விடப்போறேன்." அவர் போடிக்கு மாறுதலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அந்த எரிச்சலை வேண்டிய மட்டும் பார்த்துவிட்ட பங்கு மக்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள்.

இரண்டாவது வாரமே அவரைச் சோதிக்க ஆள் வந்துவிட்டது. பெயர் செல்லக்கனி.

"என் பாவத்தைத்தான் புதன்கிழமையே வந்து சொல்லிட்டேனே சாமி. இன்னைக்கு அவருக்காகத்தான் வந்திருக்கேன்," என்றாள் கிராதித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முழங்காலில் இருந்த செல்லக்கனி. "முதல்ல ஏலக்காய். வெளுத்துப்போன பழைய காய்க்குப் பச்சைச் சாயம் ஏத்தி, புதுக் காயோட கலந்து வித்திருக்காரு."

"அம்மா..."

"ஒரு தடவை இல்ல சாமி, பல தடவை. அதையும் சேத்துச் சொல்லணும்ல?"

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. இதை முடித்துக்கொண்டு அவர் குரங்கணிக்குப் பூசைக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் மஞ்சுமூட்டம் இறங்கிவிட்டால் ஜீப்பு ஊர்ந்துதான் போகும். டிரைவர் அதற்குள் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டான்.

"இது பாவசங்கீர்த்தனம் இல்லம்மா. கோள் சொல்றது. அதுவே ஒரு பாவம்."

"அப்ப அதை என் பேர்ல சேத்துக்கங்க சாமி. ரெண்டாவது, கூடப் பொறந்த அண்ணன் தோட்டத்துக்குப் போற தண்ணிக் குழாயை வெட்டி விட்டது. பாவம், அந்த வருசம் அவுக செடி பூரா காஞ்சு போச்சு. மூணாவது, இனிமே குடிக்க மாட்டேன்னு மாதா முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, அன்னைக்குப் பொழுது சாயவும் போய்க் குடிச்சது."

புருஷன் மானத்தை இப்படியா ஒருத்தி கோயிலில் கொண்டுவந்து கொட்டுவாள்? சாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் போட்ட சண்டை போதாதென்று அவரிடம் பிராது கொடுக்க வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

"அவருக்குக் கால் இருக்குல்ல? வரச் சொல்லுங்க. வாய் இருக்குல்ல? அவரே சொல்லட்டும்."

"அது இல்ல சாமி, அவரால..."

"வர முடியாது. வெட்கமா இருக்கும், சோலி இருக்கும். அதானே? இந்த ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் சொல்றதுதான். எந்திரிங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

செல்லக்கனி அசையவில்லை.

"மன்னிப்புக் குடுத்துட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன். கிறிஸ்துமசுக்கு முன்னாடி அவருக்கு மன்னிப்பு வாங்கிட்டு வர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சாமி. வெறுங்கையோட அவரு மொகத்துல முழிக்க மாட்டேன்."

"வாங்கிட்டுப் போறதுக்கு இது என்ன ரேஷன் கடையா?"

சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் கோபம் இன்னும் கூடியது. தொட்டியை விட்டு வெளியே வந்தார்.

"எங்கம்மா இருக்காரு உங்க வீட்டுக்காரர்?"

"வாசல்ல, ஆட்டோவுல ஒக்காந்திருக்காரு சாமி."

அவ்வளவுதான். வாசல் வரைக்கும் வந்த மனுஷன் பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறானா! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று அங்கி காலில் தட்டத் தட்ட வேகமாக நடந்தார் சாமியார். "சாமி, நில்லுங்க, வெவரத்தைக் கேளுங்க," என்று பின்னாலேயே ஓடி வந்தாள் செல்லக்கனி. அவர் கேட்டால்தானே?

ஆட்டோக்காரர் டீக்கடைப் பக்கம் போயிருந்தார். பின் சீட்டில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார் அவள் வீட்டுக்காரர் தங்கபாண்டியன்.

"ஏன்யா, இங்க வரைக்கும் வந்தவருக்கு உள்ள வந்து..." என்று தொடங்கிய சாமியார் அப்படியே நிறுத்திக்கொண்டார். தங்கபாண்டியனின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை மடியில் துவண்டு கிடந்தது.

"போன தையில பக்கவாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு சாமி," என்றாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த செல்லக்கனி. "சைகை காட்டி அவரு சொல்லச் சொன்னதைத்தான் நான் வந்து சொன்னேன்."

சாமியாரைக் கண்டதும் தங்கபாண்டியன் இடது கையை மெல்லத் தூக்கினார். மனைவியின் கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, அதே கையால் தன் நெஞ்சில் மூன்று முறை அடித்துக்கொண்டார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"அதை விட்டுருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவரிடம் சலித்துக்கொண்டு, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள் செல்லக்கனி. "என்னைய அடிச்சதையும் சொல்லணும்னு காலையில இருந்து ஒரே அடம் சாமி. அந்த ஒண்ணை மட்டும் நான்தான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்னுட்டேன்."