எர்த் ஒயர்

“சாவியத் திருப்புங்க” என்றாள் நிர்மலாதேவி, லோரிக்கு அடியில் படுத்தபடி.

டிரைவர் அங்கமுத்து திருப்பினார். இஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை.

செலண்டாரிலிருந்து ரப்பர் மரப் பலகை ஏற்றிவரும் லோரி. பழுதாகி நின்றால் குருபோங்கில்தான் நிற்கும், அதுவும் இந்தப் பட்டறைக்குப் பக்கத்தில்.

புது ரக லோரி. டீசலை எப்போது பீய்ச்சுவது, எவ்வளவு பீய்ச்சுவது என்று இஞ்செக்டர்களுக்குச் சொல்வதற்கே தனியாக ஒரு பெட்டி உண்டு. பேட்டரியில் இருபத்து நான்கு வோல்ட் இருந்தது. சாவியைத் திருப்பும்போது பெட்டியில் பதினேழுதான் வந்தது. அவ்வளவு குறைந்தால் பெட்டி வேலை செய்யாது.

மீதி எங்கே போகிறது?

பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரைச் சோதித்தாள். அதில் குறையில்லை. அப்படியானால் திரும்பிப் போகும் பக்கம். கறுப்பு எர்த் ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அது லோரியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேரும் இடத்தில் ஒரு நட்டு.

தொட்டதும் சுழன்றது.

போன தடவை அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங் வாஷர் வைத்து இறுக்கியவள் அவள்தான். அதற்கு முந்தைய தடவையும் அவள்தான்.

ஓட்டத்தில் ஆடித் தளர்ந்த நட்டைச் சுற்றிக் கருகல் இருக்கும், இரும்புப் பொடி இருக்கும். இங்கே எதுவும் இல்லை. நட்டின் முனைகளில் மட்டும் ஸ்பேனர் கடித்த தடம், பளபளவென்று. யாரோ வாஷர் விழுந்துவிடாதபடி, பார்த்துப் பார்த்துத் தளர்த்தியிருக்கிறார்கள்.

அவள் அப்படியே படுத்திருந்தாள்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் அங்கமுத்துவின் செருப்புகள் வந்து நின்றன.

“சாப்பிட்டியாம்மா?”

லோரிக்கு என்னவென்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இதைத்தான் கேட்பார்.

பட்டறைக்காரர் சாமிக்கண்ணு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “நிர்மலா, லோரி மொதலாளி, அந்தத் தவுக்கே, போன் பண்ணாரு. இன்னொரு வாட்டி நின்னா டிரைவரயே மாத்திடுவாராம்லா.”

செருப்புகள் அசையவில்லை.

நிர்மலாதேவி நட்டை இறுக்கினாள். அது அதற்குமேல் திரும்பாது என்று தெரிந்த பிறகும் ஒரு தடவை இறுக்கினாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒயரு உள்ளுக்குள்ள அறுந்திருந்திச்சிண்ணே. சரி பண்ணிட்டேன், இனிமே நிக்காது” என்று சாமிக்கண்ணுவிடம் சொன்னாள்.

அங்கமுத்து லோரியில் ஏறி உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் படியில் கால் வைத்து ஏறி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, நட்ட இனிமே கழட்டாதீங்க. வேல போயிரும்.”

மாமா என்று அவரை அவள் அழைத்து வெகு காலமாகிவிட்டது. அவள் கணவன் நிவேந்திரனின் கருமக்கிரியை முடிந்த மறுநாள் அவளுடைய அண்ணன் செலண்டாருக்கு வந்து அவளை அழைத்துப்போனான். வாசலில் வார்த்தை தடித்தது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மகன் போன வீட்டிலிருந்து மருமகளைப் பார்க்க வருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அங்கமுத்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல ஒன் பேச்சுத்தாம்மா. ஒன்னக் கண்டா எப்புடி இருக்கன்னு வந்து சொல்லுங்கன்னு ஒங்கத்த அனுப்புறா. நானும் போயிச் சொல்றேன்.”

“ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. பஸ்ஸு புடிச்சி வீட்டுக்கு வாங்க. அத்தயவும் கூட்டிட்டு வாங்க. எங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவர் சாவியைத் திருப்பினார். உடனே பிடித்தது. ஆனால் கியரைப் போடவில்லை. எதையோ கேட்க நினைத்து, வேண்டாமென்று விட்டு, மறுபடியும் அவள் பக்கம் திரும்பினார்.

“வர்றப்போ ஒங்கத்த பூ வாங்கச் சொல்லுவா. வாங்கியாரட்டுமாம்மா?”

அவள் கை தானாகப் பூ இல்லாத பின்னலுக்குப் போய்த் திரும்பியது.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.